திமிங்கில மொழியைக் கணினி படித்துவிட்டதா? திருகோணமலைக் கடலை முன்வைத்து ஒரு விளக்கம்

"திமிங்கிலங்களின் மொழியைச் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிட்டது" என்ற தலைப்பு அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 2024 மே மாதத்தில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் "ஒலி அகரவரிசை" பற்றிய ஆய்வு வெளியானபோது வந்தது. 2025 பெப்ரவரியில் கூனல் திமிங்கிலப் பாடல்களில் மனித மொழியின் கணித ஒழுங்கு தெரிகிறது என்றபோது வந்தது. அதே வருடம் ஏப்ரலில் கூகுள் நிறுவனம் டொல்பின்ஜெம்மா என்ற மென்பொருளை அறிவித்தபோதும் வந்தது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் திமிங்கிலம் பார்க்கப் படகேறும் பயணி ஒருவர், "இது இப்போது என்ன சொல்கிறது?" என்று படகோட்டியைக் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. செய்தித்தாள் அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை, யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் உண்மையில் கண்டுபிடிக்கப்பட்டது அந்தத் தலைப்புகளைவிடச் சுவையானது. அதைப் புரிந்துகொள்ள விலங்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

எந்தத் திமிங்கிலம்?

திருகோணமலைக்கு வெளியே பேசப்படும் பெரிய திமிங்கிலங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று நீலத் திமிங்கிலம். அதற்குப் பல் கிடையாது. மேல்வாயில் தொங்கும் தகடுகளால் கடல்நீரை வடித்து, சிற்றிறால் கூட்டங்களைத் தின்னும். மற்றது ஸ்பேர்ம் திமிங்கிலம். எண்ணெய்த் திமிங்கிலம் என்றும் எழுதுவார்கள். அதன் கீழ்த்தாடையில் வரிசையாகப் பற்கள் உண்டு. முக்கிய இரை ஆழ்கடல் கணவாய்.

தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்தறியலாம். நீலத் திமிங்கிலம் விடும் மூச்சு செங்குத்தாக உயரே எழும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் ஒற்றை மூக்குத்துளை தலையின் முன்னுச்சியில் இடப்பக்கமாக இருப்பதால், மூச்சு முன்னோக்கி இடப்புறம் சரிந்து சிதறும். அது பத்து நிமிடமளவில் மேற்பரப்பில் கிடந்து மூச்சு வாங்கிவிட்டு, முதுகை வளைத்து, வாலை நேராகத் தூக்கிக்கொண்டு இறங்கும். மறுபடி மேலே வர முக்கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள் ஆயிரம் மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்பக்கூடிய விலங்கு அது.

நமது பத்திரிகைகளில் இந்த விலங்கு அடிபடுவது பெரும்பாலும் அம்பர் வைத்திருந்தவர்கள் பிடிபட்ட செய்திகளில்தான். கணவாயின் செரிக்காத அலகுகளைச் சுற்றி இதன் குடலில் உருவாகும் திரள்தான் அம்பர். அதைத் "திமிங்கில வாந்தி" என்று எழுதுவது நிலைத்துவிட்டது. குடலில் உருவாவதை எப்படி வாந்தி என்பது என்று தெரியவில்லை.

இவ்வளவு பெரிய ஆழ்கடல் விலங்கு இங்கே கரைக்கு இத்தனை அருகில் வருவதற்குக் காரணம் கடலின் அடித்தரை. கொட்டியாரக்குடாவின் வாயிலிலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, கரையோர மேடையை அறுத்துக்கொண்டு ஆயிரம் மீற்றருக்கும் அப்பால் இறங்குகிறது. மற்ற கரைகளில் நாள்முழுவதும் ஓடிச் சேர வேண்டிய ஆழம், கோணேசர் மலையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

இந்தக் கடலுக்கு ஆய்வு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய ஆய்வாளர்கள் இலங்கையைச் சூழ்ந்த கடலில் வேலை செய்தார்கள். திருகோணமலையும் அவர்களின் களங்களில் ஒன்று. அதுவரை இந்த இனத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி வேட்டைக் கப்பலின் தளத்தில் வெட்டித் திறந்த உடல்களிலிருந்து கிடைத்தது. உயிருள்ள திமிங்கிலத்தைக் கொல்லாமல் பின்தொடர்ந்து, அதன் ஒலியைக் கேட்டுப் படிக்கும் முறை வளர்ந்த இடங்களுள் நம் கடலும் உண்டு. பின்பு போர் வந்தது. மீனவர்களே கட்டுப்பாடுகளுக்கு நடுவில் தொழில் செய்த காலத்தில் ஆய்வுப் படகுகளுக்கு இங்கே வேலை இருக்கவில்லை. வைட்ஹெட் வேறு கடல்களில் தொடர்ந்தார். கீழே வரும் "குலம்" என்ற கருத்தை 2003இல் முன்வைத்த இருவரில் ஒருவர் அவர்தான்.

ஒலி எப்படிப் பிறக்கிறது?

ஆழ்கடலில் கண் பயன்படாது. இருநூறு மீற்றருக்குக் கீழே சூரிய வெளிச்சம் ஏறக்குறைய முடிந்துவிடும். ஒலியோ நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீற்றர் ஓடும். காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். ஆகவே இந்த விலங்கின் உடலே ஓர் ஒலிக்கருவியாக அமைந்துவிட்டது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தலை; அந்தத் தலையில் பெரும்பகுதி எண்ணெயும் மெழுகும் நிறைந்த உறுப்பு. அந்த எண்ணெய்க்காகத்தான் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வேட்டையாடினார்கள்.

ஒலி பிறக்கும் வழி இது:

1. வலது மூக்குக் குழாயின் முன்முனையில், நெற்றிக்குச் சற்றுக் கீழே, இரண்டு தடித்த திசு உதடுகள் உள்ளன. அவற்றினூடாகக் காற்றைத் தள்ளும்போது அவை பட்டென்று மோதி ஒரு "கிளிக்" பிறக்கிறது.
2. அந்த ஒலி முதலில் பின்னோக்கி ஓடுகிறது. எண்ணெய் உறுப்பின் வழியாக மண்டையோடு வரை சென்று, அங்கே உள்ள காற்றுப் பையில் பட்டுத் திரும்புகிறது.
3. திரும்பும் ஒலி கீழ்ப்பகுதிக் கொழுப்புத் திசுவின் ஊடாகக் குவிந்து, முன்னால் கடலுக்குள் பாய்கிறது.

ஒரு பகுதி ஒலி உள்ளேயே மறுபடி மோதித் திரும்புவதால், ஒரு கிளிக்குக்குள் சில சிறு துடிப்புகள் இருக்கும். அத்துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால் தலையின் நீளம் தெரியும். தலையிலிருந்து உடலின் நீளத்தைக் கணக்கிடலாம். திமிங்கிலத்தைக் கண்ணால் காணாமலே அதன் அளவைச் சொல்லிவிடலாம் என்பது சாதாரண விடயமல்ல.

இந்தக் கிளிக்கின் உச்ச அளவு 236 டெசிபெல் வரை பதிவாகியுள்ளது. இதைப் படித்துவிட்டு "ஜெட் விமானத்தைவிடப் பலமடங்கு சத்தம்" என்று எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நீரில் டெசிபெல் அளக்கும் அடிப்படையே வேறு. காற்றுக் கணக்குக்கு மாற்றுவதற்கு ஏறத்தாழ 61ஐக் கழிக்க வேண்டும். கழித்த பின்பும் விலங்குலகில் மிக உரத்த ஒலி இதுதான், ஆனால் ஒப்பிடுவதானால் சரியாக ஒப்பிட வேண்டும்.

கிளிக்கின் இரண்டு வேலைகள்

வேட்டையின்போது அரை வினாடிக்கோ ஒரு வினாடிக்கோ ஒரு கிளிக் வீதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். எதிரொலியைக் கொண்டு கணவாய் எங்கே என்று அறியும் முறை அது. இரையை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, கதவு கிறீச்சிடும் ஒலியாகிவிடும். இதில் பேச்சு எதுவும் இல்லை.

மேற்பரப்புக்கு அருகே கூடியிருக்கும்போது அவை வேறு விதமாக ஒலிக்கும். சில கிளிக்குகள் ஒரு குறிப்பிட்ட இடைவெளி ஒழுங்கில் வந்து நிற்கும். இன்னொரு திமிங்கிலம் அதேபோல ஒன்றை ஒலிக்கும். இந்தக் குறுந்தொடருக்குக் "கோடா" என்று பெயர். 1977இல் வில்லியம் வாட்கின்ஸ், வில்லியம் ஷெவில் ஆகியோர் இதை விவரித்து எழுதினார்கள். ஒரு கோடாவில் மூன்று கிளிக்கும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். "1+1+3" என்று குறித்தால், ஒரு கிளிக், இடைவெளி, ஒரு கிளிக், இடைவெளி, பிறகு மூன்று விரைவான கிளிக்குகள் என்று பொருள். இப்போது உலகம் "மொழி" என்று பேசுவது முழுக்க இந்தக் கோடாக்களைப் பற்றித்தான்.

பெண் திமிங்கிலங்கள் பாட்டி, தாய், மகள், குட்டிகள் என்று பத்துப் பேரளவிலான குடும்பங்களாக வாழ்கின்றன. ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து துருவப் பக்கக் குளிர்க்கடல்களுக்குப் போய்விடும். குட்டியால் ஆழத்துக்கு இறங்க முடியாது என்பதால், பெரியவர்கள் ஒரே நேரத்தில் இறங்காமல் மாறி மாறி இறங்கிக் குட்டிக்குக் காவல் இருப்பார்கள். இப்படிப்பட்ட வாழ்க்கைக்குத் தொடர்பு ஒலி இன்றியமையாதது.

2003இல் லூக் ரெண்டலும் ஹால் வைட்ஹெட்டும் பசிபிக் பதிவுகளை ஒப்பிட்டபோது, குடும்பங்கள் கோடா வழக்கின்படி பெரும் கூட்டங்களாகப் பிரிவதைக் கண்டார்கள். இவற்றைக் குலங்கள் எனலாம். ஒரே கடற்பரப்பில் இரண்டு குலங்கள் உலாவினாலும், ஒரு குலத்துக் குடும்பம் தன் குலத்தாரோடுதான் சேரும். இந்த வேறுபாட்டை மரபணு விளக்கவில்லை. வழக்கு பெரியவர்களிடமிருந்து குட்டிக்குக் கற்றலால் வருகிறது என்பதே சான்றுகள் காட்டும் முடிவு. குட்டிகள் தொடக்கத்தில் ஒழுங்கில்லாமல் கிளிக் செய்து, காலப்போக்கில்தான் குலத்தின் கோடாவைப் பிடித்துக்கொள்ளும். வெருகலுக்குத் தெற்கே போனால் பேச்சு மாறுவதைக் காதால் அறிந்த நமக்கு இதில் வியப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் மனிதருக்கு வெளியே இந்த அளவில் பண்பாட்டுப் பிரிவு காண்பது மிக அரிது.

2024இல் என்ன கண்டார்கள்?

கரீபியன் தீவான டொமினிக்காவின் கரையோரத்தில் ஷேன் கெரோ 2005இலிருந்து திமிங்கிலக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து வருகிறார். அங்கே சேர்ந்த 8,719 கோடாக்களை எடுத்துக்கொண்டு மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் பிரத்யுஷா சர்மாவும் குழுவினரும் அலசினார்கள். ஆய்வு நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் சஞ்சிகையில் வெளியானது. முன்பு இந்தக் குலத்தின் கோடாக்களை 21 வகையாகப் பட்டியலிட்டிருந்தார்கள். புதிய ஆய்வு, அந்தப் பட்டியலே கரடுமுரடானது என்கிறது. ஒரு கோடாவுக்குள் தனித்தனியே மாறக்கூடிய நான்கு கூறுகள் உள்ளனவாம்:

1. தாள அமைப்பு. கிளிக்குகளுக்கு இடையிலான இடைவெளிகளின் விகிதம். 18 அமைப்புகள் கிடைத்தன.
2. காலம். முழுக் கோடாவும் எடுத்துக்கொள்ளும் நேரம். 5 அளவுகள்.
3. நெகிழ்ச்சி. அடுத்தடுத்து வரும் கோடாக்கள் சிறிது சிறிதாக நீள்வது அல்லது சுருங்குவது.
4. ஒட்டுக் கிளிக். வழக்கமான அமைப்பின் முடிவில் கூடுதலாக வரும் ஒரு கிளிக்.

தவில் கேட்டுப் பழகியவருக்கு முதல் இரண்டின் வேறுபாடு உடனே விளங்கும். அதே சொற்கட்டை முதற்காலத்திலும் வாசிக்கலாம், இரண்டாங்காலத்திலும் வாசிக்கலாம்; சொற்கட்டு மாறாது, ஓட்டம் மாறும். திமிங்கிலமும் தாள அமைப்பையும் காலத்தையும் இப்படித் தனித்தனியே கையாள்கிறது. கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அடிக்கடி பயன்படும் 143 சேர்க்கைகள் உண்டாகின்றன.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது கூறு. ஒரு திமிங்கிலம் கோடாவை மெல்ல நீட்டிக்கொண்டு போனால், கூட ஒலிக்கும் மற்றத் திமிங்கிலமும் தன் கோடாவை அதே அளவுக்கு நீட்டுகிறது. மாற்றம் வினாடியின் மிகச் சிறு பின்னம். அதைக் காதால் கேட்டு, அளந்து, தன் அடுத்த கோடாவில் பின்பற்றுகிறது. ஒட்டுக் கிளிக்கும் கண்டபடி வருவதில்லை. ஒரு கோடா வரிசையை ஒலிக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், மற்றத் திமிங்கிலத்தின் நடத்தை மாறும் இடங்களிலும் அதிகம் தென்படுகிறது.

"கணினி கண்டுபிடித்தது" என்பதிலும் ஒரு திருத்தம் தேவை. நெகிழ்ச்சி வெளிப்பட்டது கோடாக்களை வரிசையாக ஒரு வரைபடத்தில் அடுக்கிப் பார்த்தபோதுதான். முன்பு ஒவ்வொரு கோடாவையும் தனியே எடுத்து வகைப்படுத்தியதால் அண்டைக் கோடாக்களோடு அதற்கிருந்த உறவு மறைந்திருந்தது. மனிதர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள், பார்த்தார்கள். கணினி பெரும் கணக்கைச் செய்தது.

உயிரெழுத்துகள் உண்டா?

பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக மொழியியலாளர் காஷ்பர் பெகூஷ், இதே கடலின் பதிவுகளில் நேர இடைவெளியை விட்டுவிட்டுக் கிளிக்கின் ஒலிநிறத்தைப் பார்த்தார். மனிதர் "அ" என்பதும் "இ" என்பதும் ஒரே குரல்வளையிலிருந்து பிறந்தாலும் வாயறையின் வடிவத்தால் அதிர்வெண் உச்சங்கள் மாறுகின்றன. கோடாக்களிலும் அப்படி இரண்டு தெளிவான வகைகள் தெரிந்தன: ஓர் உச்சம் உள்ளவை, இரண்டு உச்சம் உள்ளவை. ஒரே தாள அமைப்பை இரண்டு நிறத்திலும் ஒலிக்கலாம். 2023 இறுதியில் முன்வரைவாக வந்த இந்தக் கருத்து, "திமிங்கிலத்துக்கு உயிரெழுத்து உண்டு" என்ற தலைப்புகளுக்கு வழிவகுத்தது. ஒலிப்பியல் நோக்கில் அந்த ஒப்புமை நியாயமானது. ஆனால் நம் மொழியில் "கல்" வேறு, "கால்" வேறு என்பதுபோல அந்த மாற்றம் பொருளை மாற்றுகிறதா என்பது அந்த அளவீட்டிலிருந்து வராது.

எழுத்து, சொல், பொருள்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் படிநிலை பள்ளியிலேயே தெரியும். எழுத்து ஒரு நிலை, சொல் அதற்கு மேல், பொருள் வேறு. தலைப்புகளின் கோளாறு இந்த மூன்றையும் ஒன்றாக்குவதுதான். 2024 ஆய்வு நிற்பது எழுத்தின் வாசலில்: எவ்வெவ்வலகுகள் உள்ளன, எப்படிச் சேர்கின்றன என்பதை அது காட்டுகிறது. "அகரவரிசை" என்ற சொல்லே அதிகம் என்று சில ஆய்வாளர்கள் அப்போதே மறுத்தார்கள். இசையிலும் தாளமும் காலமும் சேர்கின்றன, அதனால் இசை மொழியாகிவிடுவதில்லை என்பது அவர்களின் வாதம். வலுவான வாதம்தான்.

அமைப்பு தெரிந்தும் பொருள் தெரியாமல் இருக்க முடியுமா? சிந்துவெளி எழுத்தைப் பாருங்கள். ஐராவதம் மகாதேவன் 1977இல் குறியீடுகளை முழுமையாகத் தொகுத்தார். ஏறக்குறைய நானூறு குறியீடுகள். பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை. எந்தக் குறி தொடக்கத்தில் வரும், எது முடிவில் வரும் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் எல்லோரும் ஏற்கும் வாசிப்பு இல்லை. 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் அதற்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவிக்க வேண்டியிருந்தது. அது மனிதர் எழுதியது. உழவும் வணிகமும் பிறப்பும் இறப்பும் அவர்களுக்கும் நமக்கும் பொது. ஆயிரம் மீற்றர் ஆழத்தில் இருட்டில் வேட்டையாடும் விலங்கோடு நமக்குப் பொதுவானவை மிகக் குறைவு.

செயற்கை நுண்ணறிவு இந்த இடைவெளியைத் தாண்டாதா என்று கேட்கலாம். இன்றைய மொழி மென்பொருள்கள் கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து "இதற்குப் பின் எது வரும்" என்று கணிக்கக் கற்றவை. டொல்பின்ஜெம்மாவும் அதே வழியில் அமைந்தது: பஹாமாஸ் கடலில் 1985 முதல் சேர்ந்த டொல்பின் ஒலிகளைக் கொண்டு அடுத்த ஒலியைக் கணிக்கிறது. எட்டாயிரத்துச் சொச்சம் கோடா என்பது ஒரு நடுத்தர நாவலின் சொற்களுக்கும் குறைவு. அளவு பெருகினாலும், அடுத்த ஒலியைச் சரியாகக் கணிப்பதும் பொருளை அறிவதும் வெவ்வேறு வேலைகள்.

பொருளை எப்படிச் சோதிப்பார்கள்?

இதற்கு ஒரு நல்ல முறை பல காலமாக இருக்கிறது. பதிவு செய்த ஒலியை, அது எழுந்த சூழ்நிலை இல்லாத நேரத்தில், விலங்குக்குத் திருப்பிப் போட்டுக் காட்டுவது. ஒலி மட்டுமே உரிய நடத்தையைத் தூண்டினால், கேட்பவருக்கு அதில் செய்தி இருக்கிறது.

1. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு மூன்றுக்கும் வேறு வேறு எச்சரிக்கை ஒலி எழுப்புகின்றன. 1980இல் செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் ஒலிபெருக்கியில் அவற்றைப் போட்டார்கள். சிறுத்தை ஒலிக்குக் குரங்குகள் மரமேறின. கழுகு ஒலிக்கு மேலே பார்த்தன. பாம்பு ஒலிக்குத் தரையைப் பார்த்தன.

2. ஜப்பானின் டிட் குருவிகளில் தொஷிதாக்கா சுசுகி, "சுற்றிப் பார்" என்பதற்கும் "அருகே வா" என்பதற்கும் தனித்தனி ஒலிகள் இருப்பதையும், இரண்டும் சேர்ந்து வருவதையும் கண்டார். 2016இல் வரிசையைத் தலைகீழாக்கிப் போட்டபோது குருவிகள் முன்போல் எதிர்வினை காட்டவில்லை. வரிசைக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட எளிய சோதனை வேண்டியதில்லை.

3. ஆபிரிக்க யானைகள் ஒன்றையொன்று தனிப்பெயர் போன்ற ஒலியால் அழைக்கின்றன என்று 2024 ஜூனில் வெளியான ஆய்வு 469 அழைப்புகளை ஆராய்ந்தது. அழைப்பைக் கேட்டு அது யாருக்கானது என்று கணினி 27.5 சதவீதம் சரியாகச் சொன்னது. ஒலிக்குத் தொடர்பில்லாத தரவைக் கொடுத்தபோது 8 சதவீதம்தான். அதோடு நிறுத்தாமல் 17 யானைகளுக்கு ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். தனக்கு உரிய அழைப்புக்கு யானை விரைவாக வந்தது. கந்தளாய்ப் பக்கத்து யானைகளுக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அவை ஆசிய இனம்.

4. 2025 ஏப்ரலில் போனோபோ குரங்குகள் பற்றிய ஆய்வு, ஒவ்வோர் ஒலிக்கும் முந்நூறுக்கு மேற்பட்ட சூழ்நிலைக் குறிப்புகளைச் சேர்த்து, இரு ஒலி சேரும்போது பொருள் எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டது.

இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் ஸ்பேர்ம் திமிங்கில ஆய்வு எங்கே நிற்கிறது என்பது தெரியும். "1+1+3" கோடா டொமினிக்காக் குலத்தின் அடையாளமாகப் பயன்படுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. "நான் இந்தக் குலத்தவள்" என்பதற்கு அப்பால் எந்தக் கோடாவுக்கும் பொருள் நிறுவப்படவில்லை.

கூனல் திமிங்கிலச் செய்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். நியூ கலிடோனியாவில் எட்டு வருடங்கள் பதிவான பாடல்களை, குழந்தைகள் பேச்சில் சொற்களைப் பிரித்தறியும் அதே உத்தியால் துண்டுகளாக்கியபோது, ஒரு சில துண்டுகள் மிக அதிகமாகவும் பல துண்டுகள் அரிதாகவும் வரும் சிஃப் விதி வெளிப்பட்டது. மனித மொழிகள் எல்லாவற்றிலும் அந்த விதி உண்டு. ஆனால் தட்டச்சுப் பொறியில் கண்டபடி தட்டினாலும் ஏறக்குறைய அதே பரம்பல் கிடைக்கும் என்று 1957இலேயே காட்டியிருக்கிறார்கள். புதிய ஆய்வை எழுதியவர்களும் பாடலுக்குப் பொருள் உண்டு என்று சொல்லவில்லை. கேட்கும்போது மூளை தானாகப் பிரித்தறியத்தக்க துண்டுகளாகப் பாடல் அமைந்திருப்பதால் அதைக் கற்பது எளிதாகிறது என்பதே அவர்கள் முன்வைக்கும் விளக்கம்.

மூளை பெரிது என்ற வாதம்

உலகிலேயே பெரிய மூளை ஸ்பேர்ம் திமிங்கிலத்துடையது: சுமார் 8 கிலோ. நம்முடையது 1.4 கிலோவுக்குச் சற்றுக் கீழே. அதற்காக அதற்கு மொழி இருந்தேயாக வேண்டும் என்பதில்லை. நாற்பது தொன் உடலில் 8 கிலோ என்பது 0.02 சதவீதம், மனிதனில் அது 2 சதவீதம். உடல் விகிதமும் முழு விடையல்ல என்பதால், எடையை வைத்து எந்தப் பக்கமும் வாதாடாமல் விடுவதே நல்லது.

திருகோணமலைக்கு இதிலிருந்து என்ன?

முதலாவது, டொமினிக்காவில் கண்ட பட்டியலை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. அது ஒரு குலத்தின் வழக்கு, அந்தக் குலத்தில் சில நூறு திமிங்கிலங்கள்தான். குலத்துக்குக் குலம் கோடா மாறும் என்பதே இந்த அறிவியலின் அடித்தளம் என்றால், வங்காள விரிகுடாவின் குடும்பங்களை அவற்றின் சொந்தப் பதிவுகளிலிருந்துதான் படிக்க வேண்டும். அதற்குத் தேவையானவை பொறுமையான வேலைகள்: வாலின் ஓரத்து வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் அடையாளப்படுத்துவது, வருடந்தோறும் அதே குடும்பத்தைத் தேடுவது, நீரடி ஒலிவாங்கியில் யார் ஒலித்தது என்று பிரிப்பது. டொமினிக்காவில் பலன் கிடைக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. முதற்பகுதி வேலைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பருவகாலத்தில் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை தினமும் கடலேறும் படகுகளில் இருப்பவர்களின் கமெராவும், நாளும் இடமும் குறித்த ஒரு கொப்பியும் போதும்.

இரண்டாவது, ஒலியால் வாழும் விலங்குக்கு இயந்திர இரைச்சல் வெறும் தொல்லை அல்ல. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலை அடுத்துக் கப்பல் போக்குவரத்து குறைந்த நாட்களில், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீரடி இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியது. அதே நாட்களில் அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் மலத்தில் மன அழுத்த ஹோர்மோனின் அளவும் குறைந்திருந்தது. நெகிழ்ச்சி என்ற கூறு வினாடியின் சிறு பின்னங்களில் நடக்கிறது என்று மேலே பார்த்தோம். மேற்பரப்பில் கூடியிருக்கும் குடும்பத்தை மூன்று நான்கு படகுகள் வேகமாகச் சூழ்வது, அந்தப் பின்னங்கள் கேட்க வேண்டிய நேரத்தில்தான். எஞ்சினை முன்கூட்டியே தணித்து, பக்கவாட்டில் தூரமாக நின்று பார்க்கும் படகோட்டிகள் இங்கே இருக்கிறார்கள்; எதிரே போய் வழிமறிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, திருப்பிப் பேசிப் பார்க்கும் ஆசை. 2021 ஓகஸ்டில் அலாஸ்காக் கடலில் ஆய்வாளர்கள் கூனல் திமிங்கிலத்தின் ஓர் அழைப்பை நீருக்குள் ஒலிபரப்பினார்கள். டுவெயின் என்று பெயரிடப்பட்ட பெண் திமிங்கிலம் படகருகே வந்து சுமார் இருபது நிமிடம், 36 முறை பதில் ஒலித்தது. "திமிங்கிலத்தோடு உரையாடல்" என்று செய்தி பறந்தது. ஆய்வுக் கட்டுரை அதன் நடத்தையை மூன்று கட்டமாகப் பிரித்தது: ஈடுபாடு, கலக்கம், விலகல். தேர்ந்தவர்கள், ஒரே ஓர் ஒலியைக் கொண்டு, கட்டுப்பாட்டோடு செய்த சோதனையிலேயே விலங்கு கலங்கி விலகியது.

கோடாப் பதிவுகள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. நீர் புகாத ஒலிபெருக்கியும் கடையில் கிடைக்கிறது. இலங்கையில் எல்லாத் திமிங்கிலங்களும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒலியைக் கடலில் இறக்கிப் பார்க்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்.